ரைட் என்றால் போகலாம்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்ன மனிதன் நின்றுகொண்டிருந்தான். பொம்மை மனிதன்தான். ஒரு கையில் வட்டம், இன்னொரு கையில் சதுரம். ஒரு நேரம் முகத்தைக் காட்டி நிற்பான், ஒரு நேரம் முதுகைக் காட்டி நிற்பான், திடீரென்று தலைகீழாகத் தொங்குவான். வட்டம் அவனுடைய எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்து இடது அல்லது வலது பட்டனை அழுத்த வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தால் அவன் போய் அடுத்த மனிதன் வந்துவிடுவான்.

நான் பட்டனை அழுத்தவில்லை. என் கை மேசையிலிருந்து எழும்பி, விரல்கள் குவிந்து, வாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

மறுபடியும் ஒரு மனிதன் வந்தான். மறுபடியும் கை வாய்க்குப் போனது.

மேற்பார்வைக்கு வந்திருந்த பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார்.

"டிபன் சாப்பிடாம வந்துட்டியாம்மா?"

கனிவாகத்தான் கேட்டார். ஆனால் ஏசி ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாத அந்த அறையில் அது எல்லோருக்கும் கேட்டது. பக்கத்து இருக்கையில் இருந்தவன் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாக விட்டான்.

"சாப்ட்டேன் மேடம்" என்றேன். சாப்பிட்டுத்தான் போயிருந்தேன். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் அப்பா இட்லியும் கொத்சும் வாங்கிக்கொடுத்திருந்தார். விரலில் கொத்சு வாசனை இன்னும் இருந்தது.

அதற்குள் திரையில் பல மனிதர்கள் வந்து போய்விட்டார்கள்.

சோத்துக்கை, பீச்சாங்கை

இந்தத் தொடரைப் போன வாரம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளோடு நிறுத்தியிருந்தேன். "விமானி ஆக ஆசைப்பட்டதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆனீர்களா?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஏன் ஆகவில்லை என்பதை எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கேட்டுவிட்டார்கள், எழுதிவிடுகிறேன்.

எனக்கு இடது வலது சட்டென்று தெரியாது. கணக்கில் கெட்டி, இயற்பியலில் கெட்டி, இதில் மட்டும் மக்கு. எங்கள் வீட்டில் யாரும் இடது வலது என்று சொல்லி வளர்க்கவில்லை. சோத்துக்கை, பீச்சாங்கை, அவ்வளவுதான். "சோத்துக்கைப் பக்கம் திரும்பு" என்றால் திரும்பிவிடுவேன். "வலது பக்கம்" என்றால், மூளை முதலில் ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.

இன்றைக்கும் வகுப்பில் வலக்கை விதி நடத்தும் நாளில் கொஞ்சம் உஷாராகத்தான் உள்ளே போவேன். பிள்ளைகள் கட்டைவிரலைத் தூக்குவதற்கு முன்னால் என் கை ஒரு கணம் மேலே போய் வரும். மூக்கைத் தேய்ப்பது மாதிரி சமாளித்துவிடுவேன்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. என் அப்பா தனியார் பஸ் டிரைவர். கடலூரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர். கண்டக்டர் பெயர் செல்வம். ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனால் அவர் அப்பாவை மாமா என்பார், அப்பா அவரை மச்சான் என்பார், எனக்கு அவர் செல்வம் மாமா. பள்ளி விடுமுறை என்றால் நான் அந்த பஸ்ஸில்தான் இருப்பேன். இன்ஜின் சூடு காலில் படும் முன் சீட்டு எனக்கு.

ஆலப்பாக்கத்தில் ஆள் இறங்கியதும் செல்வம் மாமா "ரைட்" என்பார். பஸ் நேராகப் போகும். புதுச்சத்திரத்தில் ஏறியதும் "ரைட் ரைட்" என்பார். இன்னும் வேகமாக நேராகப் போகும். பேச்சு வந்த நாளிலிருந்து எனக்கு ரைட் என்றால் போகலாம். அதற்கு ஒரு பக்கம் உண்டு என்பதே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும், உள்ளே இறங்கவில்லை.

மேல என்னா வரப்போவுது

விமானப் பயிற்சி எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய படிப்பு இல்லை. அந்தக் கோடையில் எங்கள் இயற்பியல் ஆசிரியை ஒரு செய்தி கொண்டுவந்தார். வெளி மாநிலத்தில் இருக்கும் ஒரு பயிற்சி நிலையம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வு வைக்கிறது. அதில் தேறுகிறவர்களின் படிப்புச் செலவை ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும். சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் தேர்வு.

அப்பாவிடம் சொன்னபோது சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"பிளேன் ஓட்டுறதா? நீயா?"

"பரிச்சைல தேறணும்ப்பா."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இங்க எதுத்தாப்புல மாடு வருது, டூவீலர் வருது, நெல்லு காயப்போட்டு வெச்சிருக்கான். மேல என்னா வரப்போவுது? நீ ஓட்டிடுவ பாப்பா" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "மொதல்ல தேறட்டும், ஊரெல்லாம் சொல்லிக்கினு கெடக்காதீங்க" என்றார்.

ஆனால் ஒரு டிரைவரால் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? மறுநாளே செல்வம் மாமாவுக்குத் தெரிந்தது. செல்வம் மாமாவுக்குத் தெரிந்தால் கடலூர் சிதம்பரம் ரூட்டுக்கே தெரிந்த மாதிரி.

தேர்வு அன்று அப்பா தன் வேலைக்கு வேறு டிரைவரை விட்டுவிட்டு, தன் பஸ்ஸிலேயே பயணியாக வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து வளைவு வரும்போதெல்லாம் கால் தரையை மிதித்தது.

மஞ்சக்குப்பம் தாண்டும்போதே செல்வம் மாமா பாட்டை நிறுத்திவிட்டார். "நம்ம டிரைவர் மாமா பொண்ணு இன்னிக்கி பிளேன் ஓட்டுற பரிச்ச எழுதப் போவுது. எல்லாரும் வாழ்த்துங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீன் கூடையோடு இருந்த ஒரு அக்கா, "எங்க ஊட்டு மேல போவும்போது கைய காட்டு கண்ணு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். தொழிற்சாலைகளின் கெமிக்கல் வாசனை அடிக்கும் இடம் வந்ததும் எல்லோரும் மூக்கை மூடினார்கள், அப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குச்சி

பொம்மை மனிதன் பகுதியைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு குச்சி.

மேசையில் ஒரு குச்சி பொருத்தியிருந்தார்கள், விமானத்தில் இருப்பது மாதிரி. திரையில் அலைந்துகொண்டே இருக்கும் ஒரு புள்ளியை அந்தக் குச்சியால் வட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். காதில் மாட்டிய ஹெட்போனில் ஒருவர் எண்கள் சொல்வார், அவற்றை மனதில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நடுநடுவே எந்தப் பக்கம் திருப்புவது என்று கட்டளை வரும்.

கூட்டல் எனக்கு வந்தது. புள்ளியும் கொஞ்ச நேரம் வட்டத்துக்குள் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொம்மையில் விட்டதை இதில் பிடித்துவிடலாம் என்று தோன்றியது.

ஹெட்போனில் குரல் "ரைட்" என்றது.

நான் குச்சியை நேராக முன்னால் தள்ளினேன்.

முன்னால் தள்ளினால் விமானம் கீழே இறங்கும்; புள்ளி திரையின் அடிக்குப் போய்க் காணாமல் போனது. சிவப்பாக ஏதோ மின்னியது. பதறி, எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளக் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். அந்தக் கைதான் குச்சியைப் பிடித்திருந்த கை. குச்சி தனியே ஆடியது. எண்கள் வந்துகொண்டே இருந்தன. எதுவரைக்கும் கூட்டினேன் என்பது மறந்துபோனது. அடுத்த "ரைட்" வந்தது. மறுபடியும் முன்னால் தள்ளினேன்.

தெரிந்தே தள்ளினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தப்பு என்று மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

மேலேயிருந்து தேடியவர்

மத்தியானத்துக்கு மேல் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்தார்கள். பெற்றோர்களும் வந்து உட்கார்ந்தார்கள். முன்னால் ஒரு வெள்ளைத் திரை. தேர்வு எழுதியவர்களின் பெயர்களை மதிப்பெண் வரிசைப்படி அதில் போட்டார்கள். இங்கிலீஷில்.

என் பெயர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழேயிருந்து பார்த்தேன். முதல் பெயரே என்னுடையது.

பக்கத்தில் அப்பா மேலேயிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஊர்ப் பெயர்ப் பலகை படிக்கிற இங்கிலீஷ். விரலை லேசாக நீட்டி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தார். முதல் சில பெயர்களில் முகத்தில் நம்பிக்கை இருந்தது. நடுவில் விரல் வேகமானது. ஒரு பெயரில் நின்று, "மலர்... இது நீயா?" என்று கேட்டார். அது வேறு ஒரு மலர்.

"அப்பா, போலாம்ப்பா."

"இரு, இன்னும் கீழ இருக்குது."

நான் அவர் கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். கடைசியில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. அவர் கடைசி வரைக்கும் இறங்கி வந்தார். என் பெயரைப் படித்தார். அதற்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ அவமானங்கள் வந்து போயின. அந்த விரல் மடங்கியது மாதிரி ஒன்று வரவில்லை.

ஒரு வார்த்தை

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. "ரயில்ல போலாம்ப்பா" என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, நடந்துகொண்டே இருந்தார்.

செல்வம் மாமா படியிலேயே நின்று கேட்டார். "என்னா மாமா, பாப்பா என்னா பண்ணுச்சு?"

அப்பா ஏறி உட்கார்ந்தார். "செலக்ட் ஆயிடுச்சு மச்சான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததெல்லாம் என் கையில் இல்லை. செல்வம் மாமா இறங்கி ஓடி ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்தார். பஸ் முழுக்கச் சொன்னார். யாரோ ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண் செல்போனை நீட்டி என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தப் போட்டோவில் நான் சிரித்திருப்பேன். சிரிக்காமல் எப்படி இருப்பது? வாயில் அல்வா, பல்லெல்லாம் நெய். பி.முட்லூர் வரைக்கும் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அப்பாவிடம்தான் கேட்டார். "எதுக்கு அப்டி சொன்னீங்க?"

"வாய்ல வந்துடுச்சு. வுடு, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

யாரும் மறக்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் இருந்தது. செல்வம் மாமா அவர் செலவில் வைத்தது. என் ப்ளஸ் டூ போட்டோவுக்கு விமானித் தொப்பி வைத்திருந்தார்கள். தொப்பி பெரிதாகி ஒரு காதை மூடியிருந்தது. பின்னால் ஒரு விமானம் என் தோளிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

நான் வெளியே போவதை நிறுத்தினேன். பால் வாங்கக்கூடப் போகவில்லை. அப்பா விடியும் முன்னே கிளம்பி, இருட்டிய பிறகு வருவார். வீட்டுக்குள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடப் பழகிக்கொண்டோம். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். நான் தோற்றதைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அவருக்கு என்னை நினைத்து வெட்கம்.

பலாச்சுளை

புவனகிரியிலிருந்து சித்தி வந்தார், கூடவே மகள் நித்யா. என்னைவிடச் சில மாதம் இளையவள், அவளும் அப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். சித்தப்பாவுக்குக் காடாம்புலியூரில் சொந்தம். அங்கிருந்து வந்த பலாப்பழத்தை அறுத்து, சுளை ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். அன்று ஞாயிறு, அப்பா வீட்டில் இருந்தார்.

"அக்கா, இவளுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது" என்றார் சித்தி அம்மாவிடம். "வேணாங்குறா. மலர் மாதிரி பிளேனுதான் ஓட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இவுங்க அப்பாவும் செரின்ட்டாரு. சாயங்காலம் போன் பண்ணி சீட்டு வேணாம்னு சொல்லப் போறாரு. அதான் மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சுளை மணம் கூடம் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தது. அவர் சொல்லவில்லை.

"சித்தி, நான் பாஸ் ஆவல" என்றேன்.

"என்னாடி சொல்ற? முனையில அவ்ளோ பெருசு போர்டு வெச்சிருக்குது."

"எல்லாருக்கும் கீழ என் பேருதான் இருந்துச்சு. கடைசி."

சித்தி அப்பாவைப் பார்த்தார். "மாமா?"

"ஆமா" என்றார் அப்பா. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நித்யாதான் கோபப்பட்டாள். "போன்ல கேட்டப்ப நல்லா படி, வந்துடும்னு சொன்னியேக்கா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?" அவள் கண் கலங்கியிருந்தது. காபி ஆறிப்போனது. தூக்கை மட்டும் வைத்துவிட்டு இருவரும் போய்விட்டார்கள். நித்யா நர்சிங்கில் சேர்ந்தாள். வெகுநாள் என்னோடு பேசவில்லை.

இருந்துச்சு

மறுநாள் நான் சிதம்பரம் போக வேண்டியிருந்தது, கல்லூரியில் இயற்பியல் படிப்புக்குச் சேர. வேறு வழியில்லாமல் அப்பா ஓட்டும் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் கிளம்பும் முன் அப்பா டீக்கடைப் பக்கம் செல்வம் மாமாவைத் தனியாக அழைத்துப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல்வம் மாமா டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான மாமா பஸ்ஸுல கத்துனேன்" என்றது மட்டும் கேட்டது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அன்று அவர் பாட்டுப் போடவில்லை. டிக்கெட் கொடுத்தார், விசில் ஊதினார், டிரைவர் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் பேனரை அவரே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று காலை போகும் வழியில் வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, இன்ஜின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் கேட்டேன்.

"அன்னிக்கி என்னய நெனச்சு ஒனக்கு வெக்கமா இருந்துச்சாப்பா?"

இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். எந்த அப்பாவும் அப்படித்தான் சொல்வார். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தார். பாலம் முடிந்தது.

"இருந்துச்சு பாப்பா" என்றார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருந்துச்சு. அப்பறம் அப்டி நெனச்சதுக்கு வெக்கமா ஆயிடுச்சு. அதுதான் இன்னும் போவல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேனா என்றால், அழுதேன். ஆனாலும் அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் அதைக் கடைசிவரை நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொரு தடவை

இரண்டாம் முறை எழுதலாம் என்று விதி இருந்தது. அடுத்த வருடம் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தோற்றவளாகவே நின்றுவிடக் கூடாது என்ற வீம்பாக இருக்கலாம். இந்த முறை மாதக்கணக்கில் பழகினேன். வலது கையில் ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை கடைசிப் பெயராக வரவில்லை. ஆனால் தேறவும் இல்லை.

அப்பாவுக்கு போனில் சொன்னேன். "செரி, வா" என்று மட்டும் சொன்னார். அன்று அவருக்கு வேலை நாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கூட்டம் நிறைய. செல்வம் மாமாவும் அப்பாவும் அதற்குள் பழையபடி ஆகியிருந்தார்கள்.

நான் படியில் கால் வைத்ததும் செல்வம் மாமா கேட்டார். "என்னா பாப்பா, என்னா ஆச்சு?"

முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். சில முகங்கள் போன வருடம் அல்வா சாப்பிட்ட முகங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் சீட்டிலிருந்து அப்பா உடம்பைத் திருப்பினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார், ஆனால் குரல் கம்மியது.

"ஆவல மச்சான். இந்தத் தடவயும் ஆவல."

யாரோ 'த்சொ' கொட்டினார்கள். பின்னால் ஒருவர், என்ன ஆகவில்லை என்று பக்கத்து ஆளிடம் கேட்டார், அந்த ஆள் விளக்கிச் சொன்னார். எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியது. அப்பாவுக்கும்தான். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியதைப் பார்த்தேன். ஆனாலும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்ளாமல், நான் உட்கார இடம் இருக்கிறதா என்று பஸ்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ ஒரு அம்மா, மடியில் இருந்த பையைக் காலடிக்கு இறக்கி, நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.